மத்தேராவுக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் இத்தாலியின் பசிலிகாத்தா மாநிலத்தில், கிராவினா என்னும் ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் மத்தேரா நகரத்துக்கு இரண்டு முறை சென்று தங்கியிருக்கிறேன். அங்கே போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் எழுதிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நுழைவுக் கட்டணங்களும் வண்டி நேரங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டேன்.

ரோம், வெனிஸ் எல்லாம் இருக்க, மத்தேராவுக்கு ஏன் போக வேண்டும்?

மலைச்சரிவைக் குடைந்து வீடுகளாக்கி, குடைந்தெடுத்த கல்லையே அறுத்து அந்த வீடுகளுக்கு முகப்பு எழுப்பி, நூற்றாண்டுகளாக அடுக்கடுக்காக வாழ்ந்த ஓர் ஊரை முழுதாக அங்கே பார்க்கலாம். இந்தப் பழைய குடியிருப்புப் பகுதிக்கு ‘சஸ்ஸி’ என்று பெயர். இத்தாலிய மொழியில் ‘கற்கள்’ என்பது அதன் பொருள். நடுவே கதீட்ரல் நிற்கும் மேட்டுப் பகுதியைச் சீவிதா என்கிறார்கள். அதன் ஒரு பக்கம் சஸ்ஸோ கவெயோசோ, மறுபக்கம் சஸ்ஸோ பரிசானோ. முதலாவதில் குகைத் தன்மை மிகுதி. இரண்டாவதில் கட்டிய முகப்புகளும் இன்றைய விடுதிகளும் மிகுதி.

ஒரு வீட்டின் கூரையே மேல் வரிசையில் இருக்கும் வீட்டின் தெருவாக இருப்பதால், நடந்துகொண்டிருக்கும்போது காலடியில் ஒரு புகைபோக்கி எட்டிப் பார்ப்பது அங்கே சாதாரணம். வெளியே கதவும் சாளரமும் வைத்த ஒழுங்கான வீடாகத் தோன்றும். உள்ளே நுழைந்தால் நான்கு எட்டுக்குப் பிறகு சுவர் முடிந்து பாறை தொடங்கிவிடும். அந்தக் கல்லை ஊரார் ‘தூஃபோ’ என்பார்கள். ஆனால் அது எரிமலைச் சாம்பலால் ஆன கல் அன்று. கடலடியில் சிப்பித் துகள்கள் படிந்து உருவான மென்மையான சுண்ணாம்புக் கல். சுவரை உற்றுப் பார்த்தால் சிப்பித் துண்டுகள் கண்ணில் படும்.

சஸ்ஸியும், எதிர்ப்புறத்திலுள்ள குடைவரைத் தேவாலயங்களின் பூங்காவும் 1993-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டன. 2019-இல் மத்தேரா ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராகவும் இருந்தது.

உலகின் மூன்றாவது மிகப் பழைய நகரம் என்கிறார்களே, உண்மையா?

வழிகாட்டிகள் அனைவரும் சொல்கிறார்கள். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பள்ளத்தாக்கைச் சுற்றிப் பழைய கற்கால மனிதர்களின் தடயங்களும் புதிய கற்கால ஊர்களின் அகழிகளும் கிடைத்திருப்பது உண்மை. மருத்துவரும் ஆய்வாளருமான தொமேனிகோ ரிதோலா தோண்டியெடுத்துச் சேகரித்தவை, அவர் பெயராலேயே 1911-இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் அருகருகே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கும், ஒரே நகரம் இடைவெளியில்லாமல் தொடர்ந்தது என்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. பழமைப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கித்தான் மத்தேரா பெருமை அடைய வேண்டும் என்பதில்லை.

அந்த வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன நடந்தது?

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான். இது தெரியாமல் போனால் அழகான கல் அடுக்கு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

தொடக்கத்தில் குகைகளில் பல, கிடங்குகளாகவும் தொழுவங்களாகவும் தொட்டிகளாகவும் இருந்தன. மக்கள்தொகை பெருகி, மேய்ச்சல் பொருளாதாரம் நலிந்து, நிலமற்ற கூலி விவசாயிகள் மிகுந்தபோது, காற்றும் வெளிச்சமும் இல்லாத அந்த அறைகளிலும் குடும்பங்கள் குடியேற நேர்ந்தது. பெற்றோர், ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு கோவேறு கழுதை, சில கோழிகள், சில வீடுகளில் பன்றியும்கூட, ஒரே குகைக்குள் வாழ்ந்தார்கள். மலேரியாவும் கண்நோயும் பரவியிருந்தன. பிறந்த குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை.

பாசிச ஆட்சியை எதிர்த்ததற்காக 1935-இல் இந்தப் பகுதிக்கு நாடு கடத்தலைப் போன்ற தண்டனையில் அனுப்பப்பட்டவர், தூரின் நகரத்து ஓவியரும் மருத்துவருமான கார்லோ லேவி. அவர் 1945-இல் வெளியிட்ட நினைவு நூலில், தன் சகோதரி மத்தேரா வழியாக வந்தபோது கண்ட காட்சி வருகிறது: அங்கே குழந்தைகள் அவரைத் துரத்திக்கொண்டு ஓடிவந்து கேட்டது காசு அன்று, மலேரியாவுக்கான கொய்னா மருந்து. அந்த நூல் இத்தாலி முழுவதையும் உலுக்கியது. மத்தேரா ‘தேசத்தின் அவமானம்’ என்று அழைக்கப்பட்டது. பிரதமர் அல்சீதே தெ காஸ்பெரி 1950-இல் நேரில் வந்து பார்த்தார். 1952-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, ஏறக்குறைய 15,000 பேர் படிப்படியாகப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். லா மார்த்தெல்லா என்ற புதிய கிராமம் அவற்றுள் பேர்பெற்றது.

வெளியேற்றம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்வேன். குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் கிடைத்தன. பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்து, ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொண்ட ‘விசினாத்தோ’ என்னும் அண்டை வாழ்க்கை கலைந்தது. காலியான சஸ்ஸி பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்தது. 1986-இல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம்தான் அதைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கி, மக்கள் திரும்பி வர வழி செய்தது. பாட்டி அவமானத்தோடு விட்டு வந்த குகையில் இன்று ஓரிரவுக்கு நூற்றுக்கணக்கான யூரோ வாடகை கேட்கப்படுவதை, உள்ளூரின் வயதானவர்கள் ஒரு மாதிரியான சிரிப்போடுதான் பேசுகிறார்கள்.

பாறைமேல் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஆறு பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. அங்கிருந்து சுமந்து ஏறுவது நடவாத காரியம். ஆகவே மழைநீரைச் சேமித்தார்கள். ஒவ்வொரு கூரையிலும் சாய்வு வைத்து, சுவரில் சுட்ட மண் குழாய் பதித்து, வீட்டுக்கு அடியில் மணி வடிவில் குடைந்த தொட்டிக்கு நீரை இறக்கினார்கள். பாறை நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, உடைத்த ஓட்டுத் தூளையும் சுண்ணாம்பையும் கலந்து உட்புறம் பூசினார்கள். ஒரு தொட்டி நிறைந்தால் மிகுதி நீர் கீழ்வரிசைத் தொட்டிக்குப் போகும். நம் ஊரில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டியவர்கள் இதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இவற்றுள் பெரியது, வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் பலொம்பாரோ லுங்கோ. ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் கொள்ளும் இந்த நிலத்தடித் தொட்டி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூல்யா மாநிலத்துக் கால்வாய்க் குழாய் நீர் வந்த பிறகு கைவிடப்பட்டு மறக்கப்பட்டது. 1991-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இப்போது வழிகாட்டியோடு சிறு குழுக்களாக உள்ளே விடுகிறார்கள். இரும்புப் பாலத்தில் நின்று சுவரைப் பாருங்கள்: பூச்சின்மேல் நீர்மட்டம் விட்டுச்சென்ற கோடுகள் தெரியும், தலைக்குமேல் வாளி இறக்கிய வட்டத் துளைகள் தெரியும். துளைக்கு நேர் மேலே, இன்றைய சதுக்கத்தில் பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தமும் எனக்குக் கேட்டது.

எத்தனை நாள் வேண்டும்?

குறைந்தது இரண்டு இரவுகள். பாரி நகரத்திலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம், நகரத்தை அதன் மோசமான பொழுதில், அதாவது நிழலே இல்லாத உச்சிவேளையில், மட்டும் பார்த்துவிட்டுப் போகிறது. சுற்றுப்புறத்தையும் பார்ப்பதானால் நான்கு நாள் ஒதுக்குங்கள்.

எப்படிப் போவது?

மத்தேராவில் விமான நிலையம் இல்லை. அருகிலிருப்பது ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரி. விமான நிலையத்திலிருந்து மத்தேராவுக்கு நேரடிப் பேருந்தும் உண்டு. ரயிலில் போவதானால், பாரி மத்திய நிலையத்துக்கு வந்து, அதை ஒட்டியே தனி வாசலோடு இருக்கும் ‘ஃபெர்ரோவியே அப்பூலோ லுகானே’ நிறுவனத்தின் நிலையத்துக்குள் நுழைய வேண்டும். இது குறுகிய இருப்புப்பாதையில் ஓடும் தனி ரயில். இத்தாலியின் தேசிய ரயில் நிறுவனத்தின் பயணச்சீட்டு இதில் செல்லாது. பயணம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். சில வண்டிகள் அல்தமூராவில் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி வேறு ஊருக்குப் போகும் என்பதால், ஏறும்போதே எந்தப் பெட்டி மத்தேராவுக்குப் போகிறது என்று கேட்டு உட்காருங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் இந்த ரயில் ஓடாமல் போகலாம், பதிலுக்குச் சில பேருந்துகள் மட்டும் இருக்கலாம். முதல் முறை நான் சரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெட்டியோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்க வேண்டிய நிலையம் மத்தேரா சென்ட்ராலே. அங்கிருந்து சஸ்ஸியின் மேல் விளிம்புக்குப் பத்து நிமிட நடை.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பல நாடுகளுக்குப் போகிறீர்களென்றால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய வரையும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலுக்குப் பழகிய நமக்கே அந்த வெண்கல் தரையிலிருந்து திருப்பி அடிக்கும் வெக்கை தாங்காது. குளிர்காலத்தில் சில நாள் பனி விழும். கூட்டம் இராது, ஆனால் படிகள் வழுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஜூலை 2-ஆம் தேதி போகத் துணிபவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்று நகரத்தின் காவல் அன்னையான மதோன்னா தெல்லா புரூனாவின் திருவிழா. விடியும் முன்பே இடையர்களின் ஊர்வலம் தொடங்கும். காகிதக் கூழால் மாதக்கணக்கில் செய்து வண்ணம் தீட்டிய பெரிய தேர் ஒன்றைக் கோவேறு கழுதைகள் இழுக்க, குதிரை வீரர்கள் சூழ்ந்து வருவார்கள். இரவில் கதீட்ரல் சதுக்கத்தை மூன்று முறை சுற்றிவந்து அன்னையின் சிலையை இறக்கிய பிறகு, தேர் வித்தோரியோ வெனெத்தோ சதுக்கத்தை நோக்கிப் புறப்படும். அங்கே காத்திருக்கும் கூட்டம் அதன்மேல் பாய்ந்து சில நிமிடங்களில் துண்டு துண்டாகப் பிய்த்தெறிந்துவிடும். கிடைத்த துண்டை, ஒரு தேவதையின் கையோ ஒரு பூவோ எதுவானாலும், அடுத்த ஆண்டு வரை நல்வாய்ப்புக்காக வீட்டில் வைத்துக்கொள்வார்கள். தேரைக் கொட்டகை போட்டுப் பாதுகாக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது திகைப்பாகத்தான் இருக்கும். அந்த வாரத்துக்கான அறைகளைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பிய்க்கும் இடத்துக்கு அருகில் குழந்தைகளோடு நிற்க வேண்டாம்.

குகை விடுதியில் தங்கலாமா?

ஓரிரவாவது தங்குங்கள், கோடையில் குளிரூட்டியே தேவையில்லாத குளுமை அதற்குள் இருக்கும். ஆனால் மூன்றைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அறையில் சாளரம் இருக்கிறதா? பல குகைகளுக்குக் கதவுக்கு மேலுள்ள சிறு திறப்பைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. ஈரப்பதத்தை உறிஞ்சும் கருவி இருக்கிறதா? இல்லையென்றால் காலையில் துவைத்த துணி மறுநாளும் நனைந்தே இருக்கும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி? “கொஞ்சம்தான்” என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். எனக்குச் சொன்ன கொஞ்சம் 140 படியாக இருந்தது. சக்கரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

முதலில் எதைப் பார்ப்பது?

காட்சி மேடைகளுக்கு ஓடுவதற்கு முன், சஸ்ஸோ கவெயோசோவில் வீகோ சொலித்தாரியோ என்ற சந்திலிருக்கும் ‘காசா குரோத்தா’வுக்குள் அரை மணி நேரம் நில்லுங்கள். பழைய குடியிருப்பு ஒன்றை அதன் தட்டுமுட்டுச் சாமான்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டில் இடுப்புக்கு மேல் உயரம். தரையின் ஈரம் ஏறக்கூடாது என்பது ஒரு காரணம், அடியில் கோழிக்கூடு வைக்கலாம் என்பது இன்னொன்று. மெத்தையில் திணித்திருப்பது சோளத் தோகை. நிலைப்பேழையின் கீழ் இழுப்பறையைத் திறந்து அதில் கைக்குழந்தையைக் கிடத்தினார்கள். உட்கோடியில் கழுதைக்கான தொட்டி, அதன் பக்கத்திலேயே குடும்பம் முழுவதும் ஒரே பெரிய தட்டில் சாப்பிட்ட சிறு மேசை. இதைப் பார்த்த பிறகு வெளியே வந்தால், எதிரிலிருக்கும் ஒவ்வொரு கறுத்த வாயிலும் ஒரு வீடாகத் தெரியத் தொடங்கும்.

குடைவரைத் தேவாலயங்களில் சாந்தா மரியா தெ இத்ரிஸ், அதனோடு உள்வழியாக இணைந்த சான் ஜொவான்னி இன் மொந்தெர்ரோனே, பக்கத்திலுள்ள சாந்தா லூச்சியா அல்லெ மால்வெ ஆகிய மூன்றையும் ஒரே நடையில் முடிக்கலாம். சுவரோவியங்களில் லத்தீன் வழிபாட்டு மரபும் பைசாந்தியக் கிரேக்க மரபும் கலந்திருப்பதைக் காணலாம். உள்ளே படமெடுக்கத் தடை.

மேலே சீவிதாவில் 13-ஆம் நூற்றாண்டுக் கதீட்ரல் இருக்கிறது. இறங்கும் வழியில் புர்கத்தோரியோ தேவாலயத்தின் கதவைக் கவனியுங்கள்: மரத்தில் செதுக்கிய மண்டையோடுகளுள் சிலவற்றுக்குக் கிரீடமும் மதகுருவின் தொப்பியும் உண்டு, சில வெறும் தலைகள், சாவுக்கு முன் மேல் கீழ் இல்லை என்பதை மரத்தச்சர் சொன்ன விதம் அது. லான்ஃபிராங்கி மாளிகையில் கார்லோ லேவி வரைந்த, பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீளமான ஓவியம் இருக்கிறது. அதற்கு முன் உட்கார இருக்கை போட்டிருந்தால், உட்கார்ந்து பாருங்கள்.

திரைப்பட ஆர்வலர்களும் இங்கே வருகிறார்கள். பசோலினி 1964-லும் மெல் கிப்சன் 2004-லும் வெளியிட்ட இயேசு வரலாற்றுப் படங்களில் ஜெருசலேமாக நிற்பது இந்த ஊர்தான். படப்பிடிப்பு இடங்களைத் தேடி அலைவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கேட்டால் எந்தக் கடைக்காரரும் காட்டுவார்.

எல்லாப் படங்களிலும் வரும் அந்த முழுக்காட்சி எங்கிருந்து தெரியும்?

பள்ளத்தாக்கின் எதிர்க்கரையிலுள்ள மூர்ஜா திமோனே மேட்டிலிருந்து. சஸ்ஸியின் கீழ் விளிம்பிலிருந்து இறங்கி, ஆற்றின்மேல் உள்ள தொங்குபாலத்தைக் கடந்து, கற்பாதையில் ஏறினால் போகலாம். இறங்கி ஏற ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பெருமழைக்குப் பின் பாதை மூடப்படுவதுண்டு. ஏற இயலாதவர்கள் வண்டியில் சுற்றிக்கொண்டு போகலாம். எதிர்க்கரை முழுவதும் பூங்காப் பகுதி. நகரத்திலும் பூங்காவிலுமாக 150-க்கும் மேற்பட்ட குடைவரைத் தேவாலயங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. பலவற்றில் இடையர்கள் ஆடு அடைத்ததால் சுவரெல்லாம் புகை படிந்திருக்கும்.

மாலையில் போங்கள். கதிரவன் நகரத்துக்குப் பின்னால் மறைய, விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். வசந்த காலமானால் தலைக்குமேல் சிறு வல்லூறுகள் பத்தும் இருபதுமாக வட்டமிடும். ‘கிரில்லாயோ’ என்று உள்ளூரில் சொல்லும் இந்தப் பறவைகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, மத்தேராவின் ஓட்டுக் கூரைகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் கூடு கட்டுகின்றன. பகலில் வயல்களில் வெட்டுக்கிளி பிடித்துவிட்டு, இருட்டும் நேரத்தில் ஊர் மரங்களுக்குத் திரும்பும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. வறுமையில் பிறந்த சமையல் என்பதால் இறைச்சி விருந்து நாட்களுக்கு உரியதாகவே இருந்தது. பருப்பும் கீரையும் கோதுமையும்தான் அன்றாடம். காய்ந்த மொச்சை போன்ற ‘ஃபாவா’ பயற்றை வேகவைத்து மசித்து, கசப்புக் கீரையோடு ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவது ‘ஃபாவெ எ சிகோரியா’. ‘கிராப்பியாத்தா’ என்பது பலவகைப் பயறுகளையும் கோதுமையையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாக வேகவைத்த கஞ்சி. அறுவடை முடிந்து ஆகஸ்ட் 1 அன்று, ஒவ்வொரு வீடும் கைப்பிடி தானியம் கொண்டுவர, முற்றத்தில் ஒரே பானையில் சமைப்பது வழக்கம்.

‘பெப்பெரோனி குருஸ்கி’யை விட்டுவிடாதீர்கள். செனீசே ஊரின் சிவப்பு இனிப்பு மிளகாயை நூலில் கோத்து வெயிலில் உலர்த்தி, சூடான எண்ணெயில் சில நொடி போட்டு எடுப்பார்கள். மோர்மிளகாயைப் போலவே நொறுங்கும். காரம் மட்டும் இராது. ஒரு நொடி கூடினால் கருகிக் கசந்துவிடும் என்பதால், சமையல்காரரின் கைப்பக்குவத்தை இதை வைத்தே எடை போடலாம்.

சைவர்கள் இரண்டு இடங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘ஓரெக்கியெத்தே’ பாஸ்தாவோடு கீரை சேர்த்துத் தருவதில் பெரும்பாலும் நெத்திலி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெக்கொரீனோ, கச்சோகவால்லோ முதலிய மரபான பாலாடைக்கட்டிகளை உறையவைக்கக் கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைப் பயன்படுத்துகிறார்கள். “சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா அச்சூகே” (இறைச்சி, மீன், நெத்திலி வேண்டாம்) என்று சொல்லுங்கள். “வெஜெத்தாரியானோ” என்று மட்டும் சொன்னால் நெத்திலியை மீனாகவே எண்ணாத சமையல்காரர்கள் உண்டு.

மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறைகள் மூடிவிடும். இரவு எட்டுக்கு முன் சாப்பாடு கிடைப்பது அரிது. கடைகளும் பிற்பகலில் அடைத்திருக்கும். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருந்தால் அது ஏமாற்று அன்று; மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான தொகை.

அந்த ரொட்டியில் என்ன விசேஷம்?

உள்ளூரின் கடினக் கோதுமையை அரைத்த மஞ்சள் நிற ரவை மாவில், அத்தியும் திராட்சையும் ஊறவைத்த நீரிலிருந்து வளர்த்த புளிப்பு மாவைச் சேர்த்துச் சுடும் மத்தேரா ரொட்டிக்கு 2008-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேலோடு தடித்து மொறுமொறுப்பாக, உள்ளே பெரிய துளைகளோடு இருக்கும். ஒரு வாரம் வரை கெடாது. கெட்டியான பிறகும் எறிய மாட்டார்கள்: தண்ணீரில் நனைத்து, தக்காளி, வெங்காயம், எண்ணெய் சேர்த்து ‘சல்லெத்தா’ ஆக்கிவிடுவார்கள். பழைய சோற்றை அறிந்தவர்களுக்கு அந்தச் சிக்கனத்தை விளக்க வேண்டியதில்லை.

பழைய காலத்தில் மாவை வீட்டில் பிசைந்து, பொது அடுப்புக்கு அனுப்பிச் சுட்டார்கள். யாருடையது எது என்று தெரிய, மாவின்மேல் மர முத்திரை பதிப்பது வழக்கம். இடையர்கள் ஓய்வு நேரத்தில் செதுக்கிய அந்த முத்திரைகளின் அடியில் குடும்பத் தலைவரின் பெயரெழுத்துகளும், மேல் கைப்பிடியில் சேவலோ மனித உருவமோ இருக்கும். சுட்ட பிறகு ரொட்டித் தோலில் அந்த எழுத்துகள் எழுந்து நிற்கும்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம்; ஆனால் சஸ்ஸிக்குள் சக்கர நாற்காலி செல்லும் தெருக்கள் மிகச் சில. மேல் விளிம்பிலுள்ள புதிய பகுதியில் தங்கவைத்தால், சதுக்கத்தின் காட்சி மேடைக்கும் பெரிய தேவாலயங்களுக்கும் சமதரையில் நடக்கலாம். உட்பகுதிகளைச் சுற்றிக்காட்ட மூன்று சக்கர வண்டிகள் உண்டு. பார்த்தவுடன் அடையாளம் தெரியும்: நம் ஊர்த் தெருக்களில் சரக்கு ஏற்றிப் போகும் பியாஜியோ ஆப்பேயேதான், இங்கே திறந்த கூரையும் மெத்தை இருக்கையுமாக மினுக்கிக்கொண்டு நிற்கிறது. ஏறும் முன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுக்கலாமா?

நகரத்துக்குள் வேண்டாம், சுற்றுப்புறத்துக்கு அவசியம். சஸ்ஸியும் மையப் பகுதியும் அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே உரியவை. நுழைவில் கேமரா இருக்கும். அபராதம் பல மாதங்கள் கழித்து வீட்டுக்கு வந்து சேரும்.

சுற்றுப்புறத்தில் எவை பார்க்கத் தக்கவை?

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ‘ஆதிப் பாவத்தின் குகை’ எனப்படும் கிரிப்தா தெல் பெக்காத்தோ ஒரிஜினாலே. நகரத்திலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இடையர்கள் ஆட்டுக்கொட்டிலாக வைத்திருந்த இந்தக் குகையை 1963-இல் உள்ளூர் இளைஞர்கள் அடையாளம் கண்டார்கள். 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் வரையப்பட்ட படைப்புக் கதையும் ஆதாம் ஏவாளும் திருத்தூதர்களும் சுவரில் இருக்கிறார்கள். காலடியெங்கும் சிவப்புப் பூக்கள். வரைந்தவர் பெயர் தெரியாததால் ‘மத்தேராவின் பூ ஓவியர்’ என்றே அவரை அழைக்கிறார்கள். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். உள்ளே முதலில் இருட்டாக்கிவிட்டு, விளக்கைச் சிறிது சிறிதாக ஏற்றிக் காட்டுவார்கள்.

கிராகோ, 1963-இன் பெரிய நிலச்சரிவால் மக்கள் அகற்றப்பட்டு, பிறகு முற்றிலும் கைவிடப்பட்ட மலை ஊர். தலைக்கவசம் அணிவித்து வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். அதற்கப்பால், வெண்களிமண் அரிப்பு நிலத்தின் நடுவே அலியானோ; கார்லோ லேவி தண்டனைக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த ஊர். அவருடைய விருப்பப்படியே அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். இரண்டையும் ஒரே நாளில் இணைக்கலாம். வழியில் உணவகங்கள் அரிது என்பதால் ரொட்டி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கடற்கரைப் பக்கம் மெத்தபோந்தோ, கிரேக்கக் குடியேற்றமாக இருந்த ஊர். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் ஹேரா கோயிலில் 15 தூண்கள் நிற்கின்றன. விளைச்சலால் செழித்த அந்த நகரம் தன் நாணயத்திலேயே தானியக் கதிரைப் பொறித்தது. பித்தாகரஸ் இங்கேதான் இறந்தார் என்பது மரபு.

வடக்கே இருபது கிலோமீட்டர் போனால் அல்தமூரா. இரண்டாம் ஃபிரடெரிக் பேரரசர் எழுப்பிய கதீட்ரல் அங்கே இருக்கிறது. அங்கும் ரொட்டிதான் பெருமை. எந்த ஊர் ரொட்டி சிறந்தது என்ற வாதத்தை இரண்டு ஊர்க்காரர்களும் இருக்கும் இடத்தில் தொடங்காதீர்கள். கூம்புக் கூரை வீடுகளுக்குப் பேர்போன அல்பெரொபெல்லோ, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய பயணம். சாந்து இல்லாமல் கல்லை அடுக்கியதற்கு, வரி அதிகாரி வரும்போது சட்டென்று கலைத்துவிடலாம் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அழகுதான், ஆனால் மத்தேராவைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே நினைவுப்பொருள் கடைகள்தான் முதலில் கண்ணில் படும். காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள்.

நினைவாக என்ன வாங்கலாம்?

மேலே சொன்ன ரொட்டி முத்திரையை இன்றும் கையால் செதுக்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயரின் முதலெழுத்தைச் சொன்னால் அடியில் வெட்டித் தருவார்கள். ‘கூக்கூ’ என்பது சேவல் வடிவில் செய்த சுடுமண் ஊதல். தீய சக்திகளை விரட்டும் என்ற நம்பிக்கையோடு பரிசாகக் கொடுத்து வந்தார்கள். வாங்கும் முன் வால்பக்கத்தில் ஊதிப் பாருங்கள். அச்சில் வார்த்த மலிவுச் சேவல்கள் சில கூவுவதில்லை. நான் வாங்கிய இரண்டில் ஒன்று ஊமை.